பட்டாபி பயின்ற பட்டறை

2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி 71-வது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. 2023-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகள் அவை. சிறந்த துணை நடிகர் விருதை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். 'பூக்காலம்' மலையாளப் படத்துக்காக விஜயராகவன், 'பார்க்கிங்' தமிழ்ப் படத்துக்காக எம்.எஸ். பாஸ்கர். சிறந்த தமிழ்ப் படமாகவும் 'பார்க்கிங்' தேர்வானது. டிவி பார்த்து வளர்ந்த தமிழர்களில் எத்தனையோ பேருக்கு பாஸ்கர் என்ற பெயரைவிட 'பட்டாபி' என்ற பெயர்தான் முதலில் நாக்கில் வரும். சன் டிவியில் ஓடிய 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' தொடரில் அவர் ஏற்ற பாத்திரம் அது. பட்டாபிக்கு விருதா என்கிற பேச்சில் உரிமையும் இருக்கிறது, கொஞ்சம் வியப்பும் இருக்கிறது. காமெடி சீரியலில் வந்தவர் இவ்வளவு தூரம் போய்விட்டாரே என்கிற வியப்பு. அந்த வியப்புதான் இடிக்கிறது. சீரியலைத் தாண்டிப் போனதால் அவருக்கு இது கிடைத்தது என்று எடுத்துக்கொள்கிறோம். அவர் செய்த வேலைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், சீரியலில் உழைத்ததால் கிடைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாஸ்கர் முத்துப்பேட்டைக்காரர். திரையில் முகம் தெரிவதற்கு முன்பே தமிழர்களின் காதில் அவர் குரல் விழுந்திருந்தது. டப்பிங் கலைஞராகப் பல ஆண்டுகள் பிறருடைய வாயசைவுக்குத் தன் குரலைப் பொருத்திக்கொண்டிருந்தவர் அவர். 1980-களின் பிற்பகுதியிலிருந்தே படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டியிருக்கிறார். வந்துபோகும் வேடங்கள். பெயர்ப் பட்டியலில் தேடினால்தான் தெரியும். அவரை ஒரு முகமாக நிலைநிறுத்தியது சின்னத்திரை. பட்டாபி ஒருபுறம், ராதிகாவின் 'செல்வி' போன்ற தொடர்களில் கனமான வேடங்கள் இன்னொரு புறம். 2007-இல் ராதாமோகனின் 'மொழி' வந்தபோதுதான் சினிமாக்காரர்கள் அவரை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள். ஐம்பதைத் தொடும் வயதில் ஒரு நடிகருக்கு வாசல் திறந்தது. இதைத் தாமதம் என்று சொல்லலாம். அந்த இடைக்காலத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பது அதைவிடப் பயனுள்ளது.

அதற்கு முதலில் 'சிட்காம்' என்று சொல்லப்படும் தொடர் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வீடு, ஐந்தாறு பேர், வாரத்துக்கு ஒரு வில்லங்கம். அரை மணி நேரத்தில் வில்லங்கம் முற்றி, வெடித்து, அடங்கும். யாரும் திருந்த மாட்டார்கள். அடுத்த வாரம் எல்லோரும் பழைய புத்தியோடு பழைய சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். 1951-இல் அமெரிக்காவில் லூசில் பால் நடித்த 'ஐ லவ் லூசி' இந்த வடிவத்துக்கு இலக்கணம் வகுத்தது. பார்வையாளர்களை எதிரே உட்காரவைத்து, மூன்று கேமராக்களை ஓடவிட்டு, நாடகம்போலவே படமாக்கினார்கள். இந்தியாவில் 1984-இல் தூர்தர்ஷனில் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி' அந்த வேலையைச் செய்தது. தமிழில் வழி கொஞ்சம் வேறு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியபோது நம்மிடம் ஏற்கெனவே சபா நாடகக் குழுக்கள் இருந்தன. எஸ்.வி. சேகர், காத்தாடி ராமமூர்த்தி, கிரேஸி மோகன் ஆகியோரின் மேடைச் சிரிப்பு அப்படியே சின்னத்திரைக்கு வந்தது. பிறகு தனியார் சேனல்கள். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, நாகா இயக்கி, ராஜ் டிவியில் வந்த 'ரமணி வெர்சஸ் ரமணி'யை இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மாமியார், மருமகள் சண்டையை அழுகையிலிருந்து சிரிப்புக்குத் திருப்பிய 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' இந்த வரிசையில் வந்ததுதான்.

இனி அந்தத் தளத்தில் நடிகன் படும் பாடு. சினிமாவில் ஒரு முழு நாள் எடுத்தால் இரண்டு மூன்று நிமிடம் தேறும். சீரியலில் ஒரே நாளில் ஒரு எபிசோடு முடிந்தாக வேண்டும். விளம்பரம் போக இருபது நிமிடத்துக்கு மேல் காட்சி வேண்டும். வசனத் தாள் பல நேரம் காலையில்தான் கைக்கு வரும். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வரிகளை எடுத்துக்கொடுப்பார். அதற்குப் பெயர் பிராம்ப்டிங். காதில் விழுந்த வரியை அந்த நொடியிலேயே தன் வரியாக மாற்றிப் பேச வேண்டும். எதிரே இருப்பவர் தடுமாறினால் தாங்கிப் பிடிக்க வேண்டும். இதற்கு நடுவே, இங்கே எதிரில் பார்வையாளர் கிடையாது; சிரிப்பொலியைப் பின்னால் எடிட்டிங்கில்தான் சேர்ப்பார்கள். இன்னும் பிறக்காத சிரிப்புக்கு எத்தனை நொடி இடம் விட வேண்டும் என்று நடிகனே கணக்குப் போட்டு நிற்க வேண்டும். அரை நொடி முந்தினால் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கும், அரை நொடி பிந்தினால் காட்சி தொய்யும். இதை வாரம் தவறாமல், வருடக்கணக்கில், அதே பாத்திரத்தின் அதே சட்டைக்குள் இருந்துகொண்டு செய்பவனுக்கு என்ன படியும்? நேரக் கணக்கு படியும். கேட்கும் பழக்கம் படியும். ஒரு மனிதன் எந்தச் சூழ்நிலையில் என்ன செய்வான் என்று யோசிக்காமலே தெரிந்துகொள்ளும் பழக்கமும் படியும். எந்தப் பயிற்சிப் பள்ளியும் ஒரு நடிகனுக்கு இத்தனை மணி நேரத்தைக் கொடுப்பதில்லை.

இது புதிய சங்கதி ஒன்றும் இல்லை, நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு நன்றாகவே தெரிந்த சங்கதி. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் திருச்செங்கோட்டில் பிறந்தவர் டி.ஆர். சுந்தரம். இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர், 1930-களின் நடுவில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1937-இல் 'சதி அகல்யா'வில் ஆரம்பித்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அங்கே பிறந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) கூட சேலத்துச் சரக்குதான். சுந்தரம் ஸ்டுடியோவை ஒரு மில் நடத்துவதுபோல நடத்தினார். எழுத்தாளர், நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் என்று மாதச் சம்பளத்துக்கு ஆட்களை வைத்திருந்தார், நேரம் தவறினால் பொறுக்க மாட்டார். அந்த ஏற்பாட்டின் பலனை 1950-இல் வந்த 'திகம்பர சாமியார்' படத்தில் பார்க்கலாம். வில்லனாக அறியப்பட்ட எம்.என். நம்பியார் அதில் பதினொரு வேடங்களில் வந்தார். மனோரமா என்னும் நகைச்சுவை நடிகையைக் கதாநாயகியாக்கி 1963-இல் 'கொஞ்சும் குமரி'யை எடுத்ததும் இதே நிறுவனம்தான். தினமும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் ஒரு நடிகரிடம் வேறு என்ன சரக்கு இருக்கிறது என்று தெரியும். வேடத்தை மாற்றிக் கொடுக்கும் துணிச்சல் அதிலிருந்து வருகிறது. நாடகக் குழுக்களிலும் இதே கதைதான். பாஸ்கரோடு விருதைப் பகிர்ந்துகொண்ட விஜயராகவனையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தின் பெரிய நாடகக்காரர் என்.என். பிள்ளையின் மகன் அவர், அப்பாவின் குழுவில் மேடையேறி வளர்ந்தவர். நாடகக் கம்பெனிகள் கலைந்து, ஸ்டுடியோச் சம்பளமும் ஒழிந்த பிறகு, தமிழ் நடிகனுக்கு அப்படி ஒரு கூட்டத்தோடு தினமும் வேலை செய்யும் இடமாக மிஞ்சியது சின்னத்திரை. சேலத்தில் இன்று மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் நிற்கிறது.

சரி, சீரியலில் படிந்தது சினிமாவில் தெரிகிறதா? 'மொழி'யில் பாஸ்கர் ஏற்ற பேராசிரியர் ஞானப்பிரகாசம், மகனைப் பறிகொடுத்த அதிர்ச்சியில் 1984-லேயே நின்றுபோன மனிதர். அந்த ஆண்டுச் செய்திகளை இன்றைய செய்தியாகப் பேசுவார். பார்க்கிறவருக்கு முதலில் சிரிப்பு வரும். எழுதிப் பார்த்தால் அது அசல் சிட்காம் பாத்திரம். ஒரே பழக்கம், ஒவ்வொரு முறையும் அதே பழக்கம். பாஸ்கர் அதைச் சிட்காம் நேர்த்தியோடு நடித்துக்கொண்டே போகிறார், கண்ணடித்து நம்மிடம் சொல்வதே இல்லை. அதனால்தான் காரணம் தெரியவரும்போது, இத்தனை நேரம் சிரித்ததற்கு நமக்கே கூச்சம் வருகிறது. பத்து ஆண்டு கழித்து வந்த '8 தோட்டாக்க'ளில் அவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் கிருஷ்ணமூர்த்தி. ஓட்டல் மேசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே தன் வாழ்க்கை எப்படிப் போனது என்று சொல்லும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. குரல் ஏறுவதில்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே அவர் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறது. சிரிப்புக்கு விட்டுப் பழகிய அதே இடைவெளி. இங்கே அதில் சிரிப்பு விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

'பார்க்கிங்' இன்னும் தெளிவான சாட்சி. ராம்குமார் பாலகிருஷ்ணன் இயக்கி 2023 டிசம்பர் 1-இல் வெளிவந்த படம். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக் குடும்பங்கள். கீழே பல வருடங்களாகக் குடியிருக்கும் அரசு அதிகாரி இளம்பரிதி, மேலே புதிதாக வந்த இளம் தம்பதி. இளைஞன் கார் வாங்குகிறான். வாசலில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அங்கே தொடங்கிய மனத்தாங்கல், சிக்கனத்துக்குப் பேர்போன பெரியவரைப் போட்டிக்குக் கார் வாங்கவைக்கிறது. பிறகு காவல் நிலையம், வேலைக்கு வேட்டு என்று போகிறது. இந்தக் கதையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஒரு வீடு, இரு குடும்பம், ஓர் அற்பச் சண்டை. 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வுக்கு ஒரு வாரத்துக் கதை. அங்கே என்றால் அரை மணி நேரத்தில் யாராவது வழுக்கி விழுந்து, எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். இங்கே பழையபடி ஆக வழியே கொடுக்காமல் இயக்குநர் கதவை அடைத்துவிடுகிறார். பாஸ்கருக்கு அந்த வீடு பழகிய வீடு. அதனால் அவர் இளம்பரிதியை வில்லனாக நடிப்பதில்லை. சீரியலில் நாம் சிரித்துப் பார்த்த அதே வறட்டுப் பிடிவாதக்காரராக, கோபத்தையும் கஞ்சத்தனத்தையும் ரோஷத்தையும் அளந்து அளந்து ஏற்றிக்கொண்டே போகிறார். எந்த இடத்தில் நம் சிரிப்பு நின்று பயம் ஆரம்பிக்கிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியவில்லை. அழுகை நடிப்பில் மட்டும் ஊறிய ஒருவரால் இதைச் செய்திருக்க முடியாது. முதல் காட்சியிலேயே கடுகடுவென்று வந்து நின்றிருப்பார், படம் அங்கேயே முடிந்திருக்கும்.

இதற்கு மறுப்பு உண்டு. பாஸ்கரின் பலமே குரல், அது டப்பிங் கூடத்தில் வந்தது, சீரியலுக்கு ஏன் பெருமை சேர்க்கிறீர்கள் என்று கேட்கலாம். குரலைப் பொறுத்தவரை அது முழு உண்மை. அவருடைய சொல் சுத்தமும், ஒரே வரியில் மூன்று நிறம் காட்டும் லாகவமும் ஒலிப்பதிவு அறையில் வந்தவை. டப்பிங்கில் நேரத்தை நிர்ணயிப்பது திரையில் ஏற்கெனவே நடித்து முடித்தவரின் உதடு. அதற்கு வால்பிடித்து ஓட வேண்டும். எதிரில் உயிரோடு ஓர் ஆள் நின்று, எதிர்பாராத தொனியில் ஒன்றைச் சொல்லி, அதற்குத் தன் முகம் பதில் சொல்லும் அனுபவம் அங்கே கிடைக்காது. 'பார்க்கிங்'கில் வசனமே இல்லாமல் வாசலைப் பார்த்து நிற்கும் இளம்பரிதி எந்த ஒலிப்பதிவு அறையிலிருந்தும் வந்தவர் இல்லை. இரண்டும் சேர்ந்துதான் இந்த நடிகர் ஆனார் என்பதே சரி.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. தமிழ்க் காமெடி சீரியல்கள் நடிப்பைக் கெடுத்தன. ஒவ்வொரு வசனத்துக்கும் முழியை உருட்டு, 'டொய்ங்' என்று ஒரு சத்தம், நடுவே இரவல் சிரிப்பு, இதுவா பயிற்சி? குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. பட்டாபியும் அடக்கமான நடிப்பு ஒன்றும் இல்லை. கைக்குழந்தைக்கும் புரியும்படி நீட்டி முழக்கியதுதான். ஆனால் மிகைப்படுத்தத் தெரிந்தவனுக்கு அளவு என்பது கைப்பழக்கமாகிறது. எங்கே கூட்டினால் என்ன ஆகும் என்று ஆயிரம் தடவை பார்த்தவனுக்குக் குறைக்கவும் தெரியும். அடக்கி வாசிப்பதை மட்டுமே அறிந்த நடிகர் அடக்கமாகத் தெரியலாம், அவரிடம் கையிருப்பு கிடையாது. அமெரிக்காவில் பிரையன் கிரான்ஸ்டன் 'மால்கம் இன் த மிடில்' தொடரில் (2000–2006) கோமாளி அப்பாவாக ஏழு சீசன் கூத்தடித்தார். அடுத்து 2008-இல் 'பிரேக்கிங் பேட்' தொடரில் போதை மருந்து காய்ச்சும் வாத்தியாராக வந்து, சிறந்த நடிகருக்கான எம்மி விருதை நான்கு முறை வாங்கினார். நம் நாட்டிலேயே, 2025 அக்டோபரில் மறைந்த சதீஷ் ஷா 'யே ஜோ ஹை ஜிந்தகி'யில் வாரத்துக்கு ஒரு வேடம் கட்டினார். இருபது வருடம் கழித்து 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' தொடரில் ஒரே வேடத்தில் நின்று அதைவிடப் பேர் வாங்கினார்.

பிழைத்தவர்களை மட்டும் காட்டி வாதாடுகிறாய் என்பது மூன்றாவது மறுப்பு. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விஜய் டிவியின் 'லொள்ளு சபா'விலிருந்து சந்தானம் சினிமாவுக்குப் போய்க் கதாநாயகன் வரை ஆனார். யோகி பாபுவும் அங்கே தலைகாட்டியவர்தான். அதே தளத்தில் அசாத்தியமாகச் சிரிக்கவைத்த மனோகரையும் சுவாமிநாதனையும் தமிழ் சினிமா துண்டுக் காட்சிகளுக்கு மேல் நம்பவில்லை. இது சின்னத்திரையின் குறை என்பதைவிட, ஆளைப் பார்த்ததும் முத்திரை குத்திவிடும் பெரியதிரையின் குறை என்பேன். 'ரமணி வெர்சஸ் ரமணி'யின் இரண்டாம் பாகத்தில் ராம்ஜியோடு நடித்த தேவதர்ஷினியையும் சினிமா பெரும்பாலும் அண்ணி, தோழி என்றே ஒதுக்கியது. 'காஞ்சனா'வில் கோவை சரளாவுக்கு ஈடுகொடுத்து அவர் அடித்த லூட்டியைப் பார்த்தவர்களுக்கு அவருடைய திறமை தெரியும். ஒரு சின்ன ஆறுதல்: 2018-இல் வந்த '96' படத்தில் பள்ளிப் பருவ ராமாக நடித்த ஆதித்யா பாஸ்கர் எம்.எஸ். பாஸ்கரின் மகன். அதே படத்தில் தேவதர்ஷினியின் இளவயதுப் பாத்திரத்தில் வந்தவர் அவருடைய மகள் நியதி.

சின்னத்திரையில் சிரிப்பு இப்போது குறையவில்லை, வடிவம்தான் மாறிவிட்டது. 1999-இல் தொடங்கிய 'சித்தி'யின் வெற்றிக்குப் பிறகு தினசரி மெகா தொடர்கள் முதன்மை நேரத்தைப் பிடித்துக்கொண்டன. 2005-இல் 'கலக்கப்போவது யாரு' வந்தது. பிறகு அதன் வாரிசுகள், சமையல் மேடைக் கோமாளிகள். இவற்றில் ஒருவர் தனியாக நின்று ஐந்து நிமிடம் மிமிக்ரி செய்கிறார், அல்லது பக்கத்தில் இருப்பவருக்குக் கவுன்டர் கொடுக்கிறார். நடுவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு பாத்திரமாக இருந்து பழக அங்கே இடமில்லை. அங்கிருந்து வந்த சிவகார்த்திகேயன் 'அமர'னில் ராணுவ மேஜராக நின்றாரே என்று கேட்பீர்கள். நின்றார், நன்றாகவே நின்றார். அதற்குள் 2012-இன் 'மெரினா' தொடங்கிப் பன்னிரண்டு வருடம் கதாநாயகனாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. எல்லோருக்கும் பன்னிரண்டு வருடத்தைப் படத் தயாரிப்பாளர் தர மாட்டார்.

அதைச் சேனல்கள் தரலாம், செலவும் பெரிதில்லை. வாரத்துக்கு அரை மணி நேரம், ஒரு வீட்டு செட், ஆறு நடிகர்கள், பதின்மூன்று வாரக் கதையை முன்கூட்டியே எழுதி முடித்துக் கையில் கொடுக்கும் எழுத்தாளர் ஒருவர். இரவல் சிரிப்பையும் 'டொய்ங்' சத்தத்தையும் விட்டுவிட்டால் இன்னும் மிச்சம். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களில் வேலை முடித்து வந்து உட்காருகிறவர்கள் அழுகையை மட்டும்தான் கேட்கிறார்கள் என்று சேனல் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. பட்டாபியின் பழைய காட்சிகளை இன்றும் யூடியூபில் தேடிப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், அதே ஆர்வத்தைப் புதிதாக ஒரு நகைச்சுவைத் தொடர் வரும் அன்றைக்கும் காட்ட வேண்டும். முதல் நாலு வாரம் பொறுத்துப் பாருங்கள். ஒரு குழுவினர் ஒருவரோடொருவர் இசைந்து வர அந்த அவகாசமாவது வேண்டும்.